இன்னும் ஒரு பல்

சாமான் வண்டி தெருமுனையோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் திரும்ப இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி வெயிலில் லிஃப்ட் மெக்கானிக்கும் அவன் மனைவியும் அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கிக்கொண்டு அந்தப் பழைய வீட்டுக்குள் போனார்கள். பின்னாலேயே அவர்களுடைய ஐந்தரை வயது மகள் ஒரே ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்தபடி, ஏதோ பீரோவையே சுமப்பவள்போல மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. ஓரிடத்தில் உட்கார மாட்டாள். உட்கார்ந்தாலும் வாய் சும்மா இருக்காது.

ரயில் பெட்டி மாதிரி நீளமான வீடு. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அறைகள். கடைசியில் ஒரு நடை. நடையின் முடிவில் குளியலறை. அதற்கு உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. மங்கல் கண்ணாடி. பட்டப்பகலிலும் விளக்குப் போட்டால்தான் முகம் தெரியும். பழைய வாஷ்பேசின், அதில் குழாயின் கீழ் பழுப்பாக ஒரு துருக்கோடு. மேலே ரசம் போன கண்ணாடி.

உள்ளே நுழைந்ததும் மெக்கானிக்கின் மனைவி மூக்கைச் சுளித்தாள். ஈரச் சுண்ணாம்பு வாடைக்கு அடியில் இன்னொரு வாடை. பல்லை ராவும்போது கிளம்புமே, அந்தக் கருகல். தன் துணியிலிருந்துதான் வருகிறது என்று நினைத்துக்கொண்டாள். பதினோரு வருஷமாக அவள் ஒரு பல் லேபில் வேலை செய்கிறாள். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, பல் செட் செய்யும் வேலை. அந்த வாடை எத்தனை துவைத்தாலும் போகாது.

அவர்கள் வீடு மாறியதற்குக் காரணம் மூத்த மகள். முன்பற்கள் இரண்டும் கொஞ்சம் பெரிதாக இருந்ததால் எல்லோருக்கும் அவள் முயலு. பல் தேய்க்கச் சொன்னால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாள். அவளுக்காகத்தான் அம்மா தன் போனில் அந்த விளையாட்டை ஏற்றினாள். திரையில் ஒரு கரடி வந்து பேர் சொல்லிக் கூப்பிடும். குழந்தை கேமரா முன்னால் நின்று பிரஷ்ஷை ஆட்டினால் வாயைச் சுற்றி ஒரு வெள்ளை வட்டம் விழும். வட்டத்துக்குள் கிருமிகள் பட்பட்டென்று வெடிக்கும். முடிந்ததும் ஒரு நட்சத்திரம். முயலு நாற்பத்தொரு நாள் விடாமல் விளையாடினாள்.

நாற்பத்தொரு நாளும் பிரஷ்ஷை வாய்க்கு வெளியேதான் ஆட்டினாள். அது பல்லில் படவேயில்லை.

அம்மாவுக்கு அது தெரியாது. காலையில் அவளுக்கு அவள் அவசரம். நட்சத்திரத்தைப் பார்த்தாள், நம்பினாள். "அம்மா, வலிக்குது" என்று முயலு சொன்னபோதுகூட, "பல்லு விழுற வயசுடா, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். ஊரார் வாயையெல்லாம் சரிசெய்தவள் பெற்ற மகளின் வாயைத் திறந்து பார்க்கவில்லை. கடைவாய்ப் பல்லில் கட்டிய சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அந்தப் பல்லைப் பிடுங்கினார்கள். நான்காம் நாள் முயலு போய்விட்டாள். ஏழு வயது.

அன்று அணைத்து வைத்த போனை அம்மா அதன்பிறகு தொடவில்லை. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை.

குடிவந்த மறுநாள் காலை, பெட்டிகளைக் கிளறி அதைக் கண்டுபிடித்தது வாலுதான். அவளே சார்ஜ் போட்டாள். அவளே குளியலறைக்கு எடுத்துப்போய்க் கண்ணாடியில் சாய்த்து வைத்தாள். சமையலறையில் இருந்த அம்மாவுக்கு நடையின் கடைசியிலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"வாங்க வாங்க முயலு! இன்னிக்கு நானூத்திப் பன்னிரண்டாவது நாள்! ஒரு நாள்கூட விடலையே, சபாஷ்!"

கையிலிருந்த தட்டு எப்போது கீழே விழுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

முயலு கடைசியாக அதை விளையாடி அன்றோடு ஒரு வருஷமும் ஆறு நாளும். அதோடு ஒரு நாற்பத்தொன்றைக் கூட்ட விரல் தேவைப்படவில்லை.

மெக்கானிக் போனை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். "தேதிக் கணக்குதான். அதுபாட்டுக்கு உள்ள ஓடிருக்கும். அழிச்சுத் தள்ளு."

"ஒரு வருஷமா ஆஃப்ல இருந்த போனுங்க. சிம்மும் இல்ல, நெட்டும் இல்ல."

"அதுக்கு?" என்றான் அவன். அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "இங்க பாரு. வேணாம். மறுபடியும் அதுக்குள்ள போகாத."

சரி என்று தலையாட்டினாள். ஆனால் அழிக்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணி. அவன் வேலைக்குப் போனதும் அவளே வாலுவைக் கூட்டிக்கொண்டு குளியலறைக்குப் போனாள், போனை நிறுத்தி வைத்தாள். வாலு நுரை தள்ளத் தள்ளத் தேய்த்தாள். திரையில் அவள் வாயைச் சுற்றி வெள்ளை வட்டம் விழுந்தது.

பிறகு இன்னொரு வட்டம் விழுந்தது.

வாலுவின் தோளுக்கு ஒரு சாண் மேலே. வெறும் சுவரில்.

"ரெண்டு பேரும் வந்தாச்சா?" என்றது கரடி. "முயலு, நீ பெரியவ. நீதான் முதல்ல!"

அந்த வட்டம் நடுங்கவில்லை, அலையவில்லை. மெல்ல மேலும் கீழுமாக அசைந்தது, யாரோ பல் தேய்க்கும்போது தலை அசைவதுபோல. அதன் உயரத்தைத்தான் அம்மா பார்த்தாள். ஏழு வயதில் முயலு அவள் இடுப்புக்கு நின்றாள். இந்த வட்டம் இன்னும் நான்கு விரற்கடை உயரத்தில் இருந்தது.

வளர்ந்திருக்கிறாள்.

பயம் வரவில்லை. அதுதான் பின்னாளில் அவளை உறுத்தியது. அந்தக் கணத்தில் அவளுக்குப் பயமே வரவில்லை. ஈரத் தரையில் மண்டிபோட்டு, அந்த வெறுஞ்சுவரைப் பார்த்துக் கிசுகிசுத்தாள்.

"முயலு... கண்ணு... நல்லாத் தேய்டா. கடைவாய்ப் பல்லையும் தேய்டா."

வட்டம் அசைவதை நிறுத்தி அவள் பக்கம் திரும்பியது.

அன்றிலிருந்து குளியலறையில் இரண்டு பிரஷ்கள் நின்றன. ஒன்று வாலுவுக்கு. மற்றது யாரும் தொடாதது, புதியது. ஆனால் தினமும் வாலு வாய் கொப்பளித்து முடித்ததும் அதைத் தொட்டுப் பார்த்தால் ஈரமாக இருக்கும். அம்மா அதைக் கன்னத்தில் வைத்துக்கொள்வாள். லேபுக்குத் தாமதமாகப் போனாள். சரியாகச் சாப்பிடவில்லை. கணவனிடம் சொல்லவில்லை. வாலுவிடம், "நம்ம ரகசியம்டி" என்று சொல்லிவைத்தாள். ரகசியம் என்ற சொல்லே பிடிக்காத அந்த வாய்கூட ஆச்சரியமாக மூடிக்கொண்டது. இரண்டாவது வாரத்தில் வாலு பேச்சையே குறைத்துவிட்டாள். அதையும் அம்மா கவனிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் கரடி புதிதாக ஒன்று சொன்னது.

"முயலுவுக்கு இன்னும் ஒரு பல் வேணும்! யார் தருவாங்க?"

வாலு கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல.

மறுநாள் காலை அவள் தலையணையில் ரத்தம். இடதுபுறக் கீழ்க் கடைவாய்ப் பல் இருந்த இடத்தில் குழி. அது ஆடவேயில்லை, அதற்கு விழும் வயதுமில்லை. பத்து வயதுவரை நிற்க வேண்டிய பல். போர்வையை உதறினார்கள், கட்டிலை நகர்த்தினார்கள். பல் கிடைக்கவில்லை.

"வலிச்சுதாடி?" என்று மெக்கானிக் மகளை மடியில் போட்டுக்கொண்டு கேட்டான்.

"இல்லப்பா. அக்காவுக்குக் குடுத்துட்டேன்."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

எல்லாம் வெளியே வந்தது. அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. "அந்த போனை எடு. தண்ணில போடறேன்" என்றான்.

"அவ நம்ம பொண்ணுங்க."

"நம்ம பொண்ணு இவ. இதோ, வாயில பஞ்சை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா பாரு, இவ."

"முயலுகிட்ட பிடுங்குனதும் அதே பல்லுதாங்க. அதே இடம். அதத்தான் கேட்டிருக்கா. ஒரே ஒரு பல்லு, அவ்வளவுதானே..."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. அவன் எழுந்து போய்விட்டான். அவள் போனைத் தன் வேலைப் பைக்குள் ஒளித்து வைத்தாள்.

அன்று முழுவதும் அவளை ஒன்று அரித்தது. முயலு எதையும் கேட்டு வாங்குகிறவள் அல்ல. தங்கைக்கு இரண்டாகக் கொடுத்துத் தான் ஒன்று எடுத்துக்கொள்கிறவள். அவளா வாலுவின் வாயிலிருந்து பிடுங்குவாள்? பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

அடுத்த நாள் காலை வாலு தூங்கிக்கொண்டிருந்தாள். கணவனுக்கு அன்று விடுப்பு, முன்னறையில் இருந்தான். அவள் தனியாகக் குளியலறைக்குப் போய்ப் போனை வைத்தாள். ஒரே ஒரு வட்டம் விழுந்தது, சுவரில். வெந்நீரில் இளக்கி லாடம்போல வளைத்து வைத்திருந்த இளஞ்சிவப்பு மெழுகை வட்டத்துக்கு நேரே நீட்டினாள். லேபில் சும்மா ஒருநாள் விளையாட்டுக்காக முயலுவிடம் அச்சு எடுத்தபோதும் இப்படித்தான் நீட்டினாள்.

"கடிடா கண்ணு."

ஒன்றுமில்லை. குழாய் சொட்டியது.

பிறகு மெழுகு அவள் கையிலிருந்து மெதுவாக முன்னால் இழுபட்டது.

விரல் நுனியில் சூடான மூச்சுப் பட்டது. அதோடு அந்தக் கருகல் வாடை.

மெழுகையும் போனையும் பைக்குள் வைத்துக்கொண்டு அவள் லேபுக்கு ஓடினாள். அங்கே இன்னும் யாரும் வந்திருக்கவில்லை, பீங்கான் பல்லுக்கு நிறம் தீட்டும் அண்ணன் ஒருவரைத் தவிர. முப்பது வருஷம் பல்லோடு வாழ்ந்தவர், குழந்தைகளுக்கு என்றால் கூலி வாங்காமல் செய்து கொடுப்பார். அவள் பேசாமல் பிளாஸ்டர் கலக்கி மெழுகில் ஊற்றினாள். இறுகும்வரை கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மேஜை இழுப்பறையிலிருந்து முயலுவின் பழைய அச்சை எடுத்து வைத்தாள். பெரிய இரண்டு முன்பற்கள். நடுவில் சின்ன இடைவெளி. அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும்.

பிளாஸ்டரைப் பிரித்தாள்.

அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையில் வாங்கினார்.

"எந்த டாக்டரோட கேஸும்மா இது?"

அவள் முயலுவின் அச்சை அதன் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

"எல்லாம் பால் பல்லு. ஆனா இது பொம்பளப் பிள்ளையோடது, பக்கத்துல இருக்கறது பையனோடது மாதிரி அகலம். இது தேஞ்சிருக்கு, இது தேயவே இல்ல. இதுல யாரோ டாக்டர் சிமெண்ட் அடைச்சிருக்காரு. பின்னால பாரு, ரெண்டாவது வரிசை. அதுக்கும் பின்னால..." அவர் குரல் தேய்ந்தது. "என்னம்மா இது? எத்தனை பிள்ளைங்க வாயி இது?"

அவள் குனிந்து தேடினாள். முன்பக்கத்தில் அந்தப் பெரிய இரண்டு பற்கள் எங்கேயும் இல்லை. முயலு அங்கே இல்லை.

இடதுபுறம், கீழே, கடைசியாக முளைத்ததுபோல ஒரு கடைவாய்ப் பல். நடுவில் நட்சத்திரம்போலக் குறுக்குக் கோடு. வாலுவைக் கொட்டாவி விடவைத்து அவள் எத்தனையோ முறை பார்த்த கோடு.

அதற்குப் பக்கத்தில் வெற்று ஈறு. நிறைய இடம்.

லேப் போனிலிருந்து கணவனுக்குப் பேசினாள்.

"ஏங்க, வாலு எங்க?"

"எழுந்துட்டா. பாத்ரூம்ல இருக்கா."

"என்ன பண்றா?"

"பல்லு தேய்க்கிறா. ஏன், அந்தக் கரடி கத்துறது உனக்குக் கேக்கலையா? போனை எடுத்துட்டுப் போயிட்டேன்னு நெனச்சேன், இங்கேயே வெச்சுட்டுப் போயிருக்க. இதோ பிடுங்கத்தான் போறேன். நீ வா, பேசிக்கறேன்."

அவள் தன் பையைப் பார்த்தாள்.

"போன் என் பையில இருக்குங்க."

மறுமுனையில் போன் தரையில் விழும் சத்தம். ஓடும் சத்தம். கதவை இடிக்கும் சத்தம். "வாலு! கதவைத் திற! வாலு!"

பையைத் திறந்தாள். போன் தானாகவே ஒளிர்ந்துகொண்டிருந்தது. திரையில் அவர்கள் வீட்டுக் குளியலறை. வாலு நின்றுகொண்டு பல் தேய்த்தாள். கண் இமைக்கவில்லை. கை மட்டும் வேகமாக, மிக வேகமாகப் போய் வந்தது. நுரை சிவந்து தாடையில் வழிந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் கதவு ஒவ்வொரு இடிக்கும் குலுங்கியது. மெக்கானிக் எந்தப் பூட்டையும் ஐந்து நிமிஷத்தில் திறப்பவன். அது திறக்கவில்லை.

இரண்டு வட்டங்கள் இருந்தன. மேலே இருந்தது மெல்லக் கீழே இறங்கியது. வாலுவின் வாய்மேல் பொருந்தியது.

டக்கென்று ஏதோ பேசினில் விழுந்தது.

"இன்னும் ஒரு பல்!" என்றது கரடி.

டக்.

"இன்னும் ஒரு பல்!"

பிளாஸ்டர் உடைக்கும் சுத்தியல் மேஜைமேல் இருந்தது. அவள் அதை எடுத்தாள். போனை இரும்புப் பலகைமேல் வைத்தாள். சுத்தியலை ஓங்கினாள்.

கரடியின் குரல் நின்றது.

"அம்மா..."

அது முயலுவின் குரல். தூங்கி எழுந்ததும் வரும் கரகரப்புகூட அப்படியே.

"அம்மா, வலிக்குது."

சுத்தியல் காற்றிலேயே நின்றது.

"வலிக்குதும்மா. அன்னிக்கு நீ பாக்கல. இன்னிக்காவது பாரும்மா."

அவளுக்குத் தெரியும். அது அவள் மகள் அல்ல. அந்த வாயின் அச்சு கண்ணெதிரே வெள்ளையாக உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் அவள் கை இறங்கவில்லை. ஒரு வருஷமாக அவள் ஏங்கிக் கிடந்தது அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். இன்னொருமுறை அதைக் கேட்க மாட்டோமா, இந்தமுறை வாயைத் திறந்து பார்க்க மாட்டோமா என்றுதான் அவள் தினமும் கண்விழித்தாள்.

டக்.

"அம்மா, என்னை அடிக்காதம்மா..."

அண்ணன் பின்னர் மற்றவர்களிடம் சொன்னார்: அப்படி ஒரு ஓலத்தைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை என்று. அவள் ஓலமிட்டுக்கொண்டே அடித்தாள். முதல் அடியில் கண்ணாடி சிதறியது. குரல் நிற்கவில்லை. இரண்டாவது அடியில் அது அழுதது. மூன்றாவதில் "அம்மா" என்பதில் பாதிதான் வந்தது. அதன்பிறகும் அவள் அடித்துக்கொண்டேயிருந்தாள். அவர் வந்து கையைப் பிடிக்கும்வரை அடித்தாள்.

அதே நேரத்தில் வீட்டில் குளியலறைக் கதவு தானாகவே திறந்துகொண்டது.

வாலுவுக்கு மொத்தம் நான்கு பற்கள் போயிருந்தன. பேசினில் ஒன்றுகூட இல்லை. ஈறு நோய் என்றார் டாக்டர். குழந்தைகளுக்கு இப்படி வருவது அபூர்வம் என்றும் சொன்னார். அன்றைக்கே அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பெட்டிகளைக்கூட எடுக்கவில்லை. அவளுடைய தம்பி வீட்டில் ஓர் அறை கிடைத்தது. மூன்றாவது மாடி, நல்ல வெளிச்சம், எதிரே பேருந்து நிலையத்தின் இரைச்சல்.

அவள் நடந்ததை எல்லாம் கணவனிடம் சொன்னாள். சுத்தியலை ஓங்கியது, நிறுத்தியது, அந்தத் தாமதத்தில் ஒரு பல் விழுந்தது, எதையும் மறைக்கவில்லை. அவன் வெகுநேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நீ உடைச்சது போனைத்தான்" என்றான். "அவளை இல்ல."

"குரல் அவளோடதுங்க."

"தெரியும். கதவுக்கு வெளிய நின்ன எனக்கும் கேட்டுது." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "என்னையும் கூப்பிட்டா."

மெல்ல மெல்ல வாலுவுக்குப் பேச்சு திரும்பியது. மாமாவிடம் வாயாடினாள், பொக்கைச் சிரிப்பைக் காட்டி எல்லோரையும் சிரிக்கவைத்தாள். பல் தேய்க்க மட்டும் பயம். அதனால் அம்மா தினமும் காலையில் அவளை மடியில் உட்காரவைத்துத் தானே தேய்த்துவிட்டாள். போன் இல்லை, கண்ணாடி இல்லை. ஜன்னலோரம் வெயிலில் ஒரு நாற்காலி, ஒரு கிண்ணம். பயம் தெரியாமலிருக்க வாய்விட்டு எண்ணுவாள். ஒன்றிலிருந்து நூற்று இருபதுவரை. பிறகு வாலு துப்புவாள்.

மூன்று வாரம் அப்படியே நல்லபடியாகப் போனது.

நான்காவது வாரம் ஒரு புதன்கிழமை. தம்பி வேலைக்குப் போய்விட்டான். கணவனும் கிளம்பிவிட்டான். அறைக்கதவு திறந்துதான் இருந்தது. நல்ல வெயில். வாலு அவள் மார்பில் சாய்ந்து, வாய் நிறைய நுரையோடு காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"நூத்திப் பதினெட்டு. நூத்திப் பத்தொன்பது. நூத்தி இருபது."

பிரஷ்ஷை வெளியே எடுத்தாள்.

"நூத்தி இருபத்தொண்ணு" என்றது, அவள் காதோரத்தில்.

வாலுவின் கால்கள் ஆடுவது நின்றது. நுரை நிறைந்த அவள் வாய் அசையவேயில்லை.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. மகளின் வாயை உள்ளங்கையால் இறுக மூடி, அவளை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"நூத்தி இருபத்திரெண்டு" என்றது அது பொறுமையாக. "நூத்தி இருபத்திமூணு..."